ஆக்ஸிலேட்டர் என் கையில்தானே இருக்கு

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. யாரோ விற்கிற ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் பைக் ஒன்றின் படத்தை முதலில் அனுப்பிவிட்டு, நான் பார்த்த அடுத்த நிமிடமே கூப்பிட்டான். "அண்ணா, எடுத்துடலாமா?" வேண்டாம்டா என்றேன். ஏன் என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவனே கேட்டான்: "ஆக்ஸிலேட்டர் என் கையிலதானே இருக்கு? மெதுவா முறுக்கினா மெதுவாப் போகப் போகுது. அப்புறம் என்ன?"

இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் நானும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். வண்டி தானாக ஓடப் போவதில்லை, நாம் முறுக்கினால்தான் சீறும், நாம் ஒழுங்காக இருந்தால் அதுவும் ஒழுங்காக இருக்கும். இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஐந்து நிமிடப் பேச்சில் பதில் சொல்லவும் முடியவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆக்ஸிலேட்டர் கையில் இருப்பதுதான் இங்கே சிக்கலே. அந்தக் கை இன்னும் பழகவில்லை.

முதலில் வண்டியைப் பற்றி. 600 சிசி சூப்பர்ஸ்போர்ட் என்று சொல்லப்படுகிற வகை, அதாவது யமஹா ஆர்6, சிபிஆர்600ஆர்ஆர், சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600, கவாஸாகி இஸட்எக்ஸ்-6ஆர் போன்றவை, பந்தயத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நான்கு சிலிண்டர், ஏறக்குறைய 120 எச்.பி. (குதிரைத்திறன்), எடை 190 கிலோவை ஒட்டி. ஒரு சாதாரணக் குடும்பக் காரோடு ஒப்பிட்டால், ஓட்டுகிறவரின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், ஒரு கிலோவுக்குக் கிடைக்கிற சக்தி நான்கைந்து மடங்கு. முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்துக்குப் போக மூன்றரை நொடி போதும். 1000 சிசி வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இன்றைக்கு அவற்றில் 200 எச்.பி. என்பது சாதாரணம்.

ஆனால் இந்த எண்களைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்த 600 வண்டிகளின் சக்தி ஒரே சீராக வருவதில்லை. ஆர்6-இன் உச்ச சக்தி 14,500 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு அத்தனை முறை சுற்றும்போதுதான், கிடைக்கிறது. ஐந்தாயிரம் ஆறாயிரத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால், அட, இவ்வளவு சாதுவான வண்டியா என்றுதான் தோன்றும். வாங்கின புதிதில் எல்லோரும் அப்படித்தான் பயந்து பயந்து ஓட்டுகிறார்கள். மூன்று வாரம் போனதும் வண்டி பழகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பழகியது வண்டியின் கால்வாசி மட்டுமே. ஒரு நாள் லாரி ஒன்றை முந்துவதற்காகக் கியரைக் குறைத்து முறுக்குகிறபோது ஊசி ஒன்பதாயிரம் பத்தாயிரத்தைத் தாண்டும். அதற்குமேல் அவர் அதுவரை ஓட்டியே பார்க்காத வேறொரு வண்டி கீழே இருக்கும்.

சரி, கைக்கு வருகிறேன். இது எனக்கு நடந்தது.

அப்போது நான் 150 சிசி வண்டியில் எட்டு மாதம் ஓட்டியிருந்தேன். நண்பன் ஒருவன் தன்னுடைய 600-ஐ, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு நேர்ச்சாலையில், போய்ட்டு வா என்று கொடுத்தான். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. மெதுவாகத்தான் போனேன், 50, 60. திரும்பி வர யூ டர்ன் எடுத்தேன். இந்த வண்டிகளில் ஹேண்டில் ரொம்பத் திரும்பாது. நான் ஓட்டிப் பழகிய வண்டி திரும்புகிற அளவுக்குச் சாலையில் இடம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், இது பாதி திரும்பியதுமே ஹேண்டில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சாலை ஓரம் நெருங்குகிறது. தார் முடிந்து ஜல்லி ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு ஒரு பள்ளம், முன் டயர் அதில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். உடம்பு ஒரு கணம் பின்னால் போனது. உடம்பு பின்னால் போனால் கைப்பிடியைப் பிடித்திருக்கிற மணிக்கட்டு கீழே இறங்கும். மணிக்கட்டு கீழே இறங்கினால் ஆக்ஸிலேட்டர் திறக்கும். திறந்தால் வண்டி முன்னால் பாயும். பாய்ந்தால் உடம்பு இன்னும் பின்னால் போகும், மணிக்கட்டு இன்னும் இறங்கும். நான் முறுக்கவே இல்லை. முறுக்க வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. விழுந்துவிடக் கூடாதே என்று இறுக்கிப் பிடித்தேன், அந்தப் பிடிதான் முறுக்கியது.

பின் டயர் ஜல்லியில் சுற்றுகிற சத்தம் கேட்டது, வண்டி எனக்குக் கீழிருந்து பக்கவாட்டில் விலகிப் போவது தெரிந்தது, அடுத்து நான் முழங்கையில் இருந்தேன். வண்டி இடப்பக்கமாகப் படுத்திருந்தது. எஞ்சின் அணைந்துவிட்டது, திருப்பத்துக்காகப் போட்ட இண்டிகேட்டர் மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கிளட்ச் லீவர் பாதியில் உடைந்திருந்தது. அந்த நேரத்தில் எதிரே ஏதாவது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

என்னுடைய 150-இலும் இதே தப்பைப் பலமுறை செய்திருக்கிறேன். வேகத்தடையில், சேற்றில், ஏற்றத்தில் வண்டி எடுக்கும்போது. ஒவ்வொரு முறையும் வண்டி ஒரு குதி குதிக்கும், நான் சுதாரித்துக்கொள்வேன், அத்தோடு போய்விடும். அந்தச் சிறிய வண்டி என் தப்பை மன்னித்தது, அதனால் அப்படி ஒரு தப்பு என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. பிறகு ஒரு பயிற்சியாளர் சொல்லித்தான் ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போதே மணிக்கட்டைத் தாழ்த்தி வைத்துப் பிடிக்க வேண்டும் (அப்போதுதான் அது மேலும் இறங்க இடமிருக்காது), முழங்கால்களால் டேங்கை இறுக்கி உடம்பைத் தாங்க வேண்டும், கைகள் தளர்வாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் புரிந்தது. புரிந்தது ஒரே நாளில். கைக்குப் போய்ச் சேர ஒரு வருடம் ஆனது.

பிரேக்கும் அதே கையில்தான் இருக்கிறது. இந்த வண்டிகளின் முன் சக்கரத்தில் இரண்டு பெரிய டிஸ்க், ஒரு விரலால் இழுத்தாலே கடிக்கும். பயந்துபோன கை ஒரு விரலால் இழுக்காது, நான்கு விரலாலும் கொத்தாக இழுக்கும். வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு வந்து சேர ஒரு கணம் வேண்டும். அந்த எடை வந்து டயரைத் தரையோடு அழுத்திய பிறகுதான் டயர் முழுப் பிடியையும் கொடுக்கும். அதனால் பிரேக்கை முதலில் லேசாகப் பிடித்து, பிறகு வேகமாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. கொத்தாக இழுத்தால் எடை வருவதற்குள் சக்கரம் நின்றுவிடும், முன் சக்கரம் வழுக்கினால் காப்பாற்றிக்கொள்ள அநேகமாக நேரமே கிடையாது.

1981-இல் ஹாரி ஹர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஓர் அறிக்கை இருக்கிறது. அவருடைய குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. பழைய ஆய்வுதான், ஆனால் அதில் இருக்கிற மூன்று விஷயங்களை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதல் வரை ஓட்டியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த இரண்டு நொடியில் அவர்கள் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. மூன்றாவது, விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்ட ஆரம்பித்து ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். அவர்களுக்குச் சாலையில் ஓட்டிய அனுபவம் சராசரியாக மூன்று வருடத்தை ஒட்டி இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவருக்கே புது வண்டி பழக நாளாகிறது. என் தம்பிக்கு ஓட்டுவதும் புதிது, வண்டியும் புதிது.

இரண்டு நொடி என்றால் மணிக்கு 60-இல் 33 மீட்டர், 100-இல் 55 மீட்டர். அந்த நேரத்தில் யாரும் யோசித்து எதையும் செய்வதில்லை. பழக்கம் எதுவோ அதைத்தான் கை செய்யும்.

"இப்போ வர்ற வண்டிகள்ல எல்லாமே எலக்ட்ரானிக்ஸ்தானே, ரெய்ன் மோட்ல போட்டுட்டு ஓட்டினா போதாதா?" இதையும் தம்பி கேட்டான். பாதி சரி. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இல்லாத வண்டியைப் புதியவர் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. மேலே சொன்ன கொத்துப் பிடியிலிருந்து காப்பாற்ற அதைவிட நல்லது எதுவும் வரவில்லை. டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின் டயர் பிடி விட்டுச் சுற்றாமல் தடுப்பது), வண்டி சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்கிற ஏபிஎஸ், சக்தியைக் குறைத்துக் கொடுக்கிற ரெய்ன் மோட் எல்லாமே உண்மையிலேயே உயிர் காக்கிற கண்டுபிடிப்புகள். ஆனால் வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைய வேண்டும் என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. பாதி வளைவில் அது இன்னும் குறுகும்போது, கண் தானாகச் சாலையோரத் தடுப்புக் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும், கண் போகிற இடத்துக்குத்தான் வண்டியும் போகும். அங்கே உங்கள் கண்ணைப் பிடுங்கித் திருப்ப ரெய்ன் மோடால் முடியாது. அதோடு, மோட் மாற்றுகிற பட்டன் கட்டைவிரல் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாவது மாதம் அதை மாற்றாமல் இருக்கிற இருபது வயதுக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் ரொம்ப அக்கறைப்படுகிற விஷயம் ஆபத்து மட்டுமே இல்லை. பெரிய வண்டியில் ஆரம்பித்தால் ஓட்டக் கற்றுக்கொள்ளவே முடியாமல் போகிறது, அதுதான் எனக்கு வருத்தம். வளைவில் வண்டி ஏன் சாய்கிறது? இடப்பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்பதை எல்லோரும் அறியாமலேயே செய்கிறார்கள், அதைத் தெரிந்து செய்யப் பழகுகிற நாள் ஓட்டுகிற வாழ்க்கையிலேயே பெரிய நாள். அதைப் பழக மனது லேசாக இருக்க வேண்டும். 120 எச்.பி. மேல் பயந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு மனது எப்படி லேசாக இருக்கும்? உடம்பு விறைத்துவிடுகிறது, கைகள் இறுகிவிடுகின்றன, வளைவில் ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு எப்படியோ கடக்கிறார், நேர்ச்சாலை வந்ததும் முறுக்குகிறார். மூன்று வருடம் ஓட்டியும் வளைவு வந்தால் தோள் இறுகுகிறவர்களை எனக்குத் தெரியும். வண்டி அவர்களைவிட அவ்வளவு தூரம் முன்னால் இருந்ததால் அவர்கள் அதை எட்டிப் பிடிக்கவே இல்லை.

சிறிய வண்டியில் கதையே வேறு. 30, 40 எச்.பி. வண்டியில் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறக்கலாம், ரெட்லைன் வரை, அதாவது எஞ்சின் சுற்றக்கூடிய உச்சம் வரை, விடலாம், தப்பான கியரில் வளைவுக்குள் போய் வண்டி மூச்சு வாங்குவதை உணரலாம், அடுத்த முறை சரியான கியரில் போகலாம். ஒவ்வொரு தப்பும் காதில் கேட்கும், இருக்கையில் தெரியும், ஆனால் தண்டனை சிறியது. கற்றுக்கொள்வது என்றால் இதுதானே.

பந்தய வீரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வாலண்டினோ ரோஸி 1996-இல் உலகப் போட்டிக்குள் வந்தபோது ஓட்டியது 125 சிசி. 1997-இல் அதில் சாம்பியன், 1999-இல் 250-இல் சாம்பியன், 2001-இல்தான் 500 சிசி சாம்பியன். மார்க் மார்க்கெஸ் 2008-இல் 125-இல் ஆரம்பித்தார், மூன்றாவது பருவத்தில், 2010-இல், சாம்பியன் ஆனார், அதற்குப் பிறகுதான் மோட்டோ2 என்ற அடுத்த பிரிவு. அந்த மோட்டோ2 பிரிவில் 2010-இலிருந்து 2018 வரை எல்லா வண்டிகளிலும் இருந்தது எது தெரியுமா? சிபிஆர்600ஆர்ஆரை அடிப்படையாகக் கொண்ட எஞ்சின். சிறுவயதிலிருந்தே வண்டியோடு வளர்ந்த மார்க்கெஸ், மூன்று பருவம் 125-இல் உலகத்தோடு மோதிவிட்டு, ஒரு சாம்பியன் பட்டத்தோடு போய்ச் சேர்ந்த எஞ்சின் அது. என் தம்பி முதல் மாதத்திலேயே படம் அனுப்பிக் கேட்கிற வண்டியின் எஞ்சினும் அதே குடும்பம்தான்.

பல நாடுகளின் சட்டமே இந்தப் படிக்கட்டை வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் ஏ2 என்ற லைசென்ஸில் 35 கிலோவாட், அதாவது 47 எச்.பி. வரைதான் ஓட்டலாம், இரண்டு வருடம் கழித்துத்தான் அடுத்த படி. ஆஸ்திரேலியாவில் புதியவர்களுக்கு 660 சிசி வரம்பு, அதோடு ஒரு டன்னுக்கு 150 கிலோவாட் என்ற சக்தி-எடைக் கணக்கும் உண்டு. சிசியை மட்டும் பார்க்காமல் சக்தியையும் பார்க்கிறார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. நம்மவர்கள் பேச்சில் சிசி ஒன்றுதான் அளவு. 600 சிசி நான்கு சிலிண்டரில் 120 எச்.பி., கவாஸாகி நின்ஜா 650-இன் இரட்டைச் சிலிண்டரில் 70-ஐ ஒட்டித்தான். சிசி பெரியதுதான், ஆனால் குணம் எவ்வளவோ சாது. ஹோண்டாவின் 500 வரிசை இன்னும் சாது, 47 எச்.பி., அந்த ஏ2 வரம்புக்கு அப்படியே பொருந்துகிறது.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2005-ஆம் ஆண்டின் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, பதிவான வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சூப்பர்ஸ்போர்ட் ஓட்டுகிறவர்களின் இறப்பு விகிதம் மற்ற வகை வண்டிகளைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. இதை வைத்து வண்டிதான் கொல்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வண்டிகளை அதிகம் வாங்குகிறவர்கள் இளைஞர்கள், வேகம் பிடித்தவர்கள். ஆனால் தம்பி, நீயும் இளைஞன், உனக்கும் வேகம் பிடிக்கும்.

பெரிய வண்டியில் ஆரம்பித்து ஒன்றும் ஆகாமல் ஓட்டுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எனக்கே ஒருவரைத் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் ஓட்ட ஆரம்பித்தவர், முதல் வண்டியே 600. ஆனால் அவர் முதல் ஆறு மாதம் விடியற்காலையில் மட்டும் ஓட்டினார், பயிற்சி வகுப்புக்கு மூன்று முறை போனார், வெறும் மைதானத்தில் பிரேக் பிடிக்கிற பயிற்சியை மட்டும் வாரக்கணக்கில் செய்தார். இவ்வளவு செய்த பிறகும், மறுபடி ஆரம்பிக்க முடிந்தால் சின்ன வண்டியிலிருந்து ஆரம்பிப்பேன் என்றுதான் அவர் என்னிடம் சொன்னார்.

அப்புறம் இந்தப் பெரிய வண்டிகளில் சில சின்ன விஷயங்கள். இருக்கை உயரம், கால் தரையில் பாதிதான் படும். ஹேண்டில் தாழ்வாக இருப்பதால் நெரிசலில் உடம்பு எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும், வலிக்கிற கையால் நுணுக்கமாக முறுக்க முடியாது. நிறுத்தும்போது ஒருமுறை கைதவறிச் சாய்ந்தாலே பக்கத் தகடும் லீவரும் போய்விடும், புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சாய்ப்பார்கள். ஸ்போர்ட் டயர்கள் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும், வீட்டை விட்டுக் கிளம்பின முதல் வளைவிலேயே நம்பிச் சாய்க்கக் கூடாது.

ஸ்போர்ட் பைக் தோற்றம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. யமஹா ஆர்3, கவாஸாகி நின்ஜா 300 அல்லது 400, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, கேடிஎம் ஆர்சி 390. இவற்றில் எதுவும் பொம்மை இல்லை, நெடுஞ்சாலையில் எல்லோரோடும் ஓடும், மலைப்பாதையில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் நின்ஜா 400-இல் போனால் பெரிய வண்டிக்காரர்கள் பின்னால்தான் வருவார்கள். ஆர்சி 390 கொஞ்சம் வெடுக்கென்று இழுக்கும், அதனால் முழுக்கப் புதியவருக்கு நான் ஆர்3-ஐத்தான் முதலில் சொல்வேன். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டியாகப் பார்த்து வாங்கினால் கீழே விழுகிற கீறலுக்கு மனது வலிக்காது. வண்டிக்கு வைத்திருக்கிற தொகையில் முதலில் ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், கணுக்காலை மூடுகிற பூட்ஸ் நான்கையும் எடுத்துவிட்டு மிச்சத்துக்கு வண்டி பாருங்கள். வரிசை அதுதான்.

எப்போது பெரியதுக்குப் போகலாம்? மாதக் கணக்கு எனக்குத் தெரியாது. திடீரென்று நாய் குறுக்கே வந்தபோது யோசிக்காமலேயே முன் பிரேக்கைச் சரியாகப் பிழிந்து நிறுத்தியிருக்கிறீர்களா, வளைவில் கண் எப்போதும் வெளியேறுகிற பக்கம் இருக்கிறதா, ஈரச்சாலையில் தோள் தளர்வாக இருக்கிறதா, சிறிய வண்டியின் முழுச் சக்தியையும் பயமில்லாமல் பயன்படுத்துகிறீர்களா. இதற்கெல்லாம் ஆமாம் என்றால் எடுங்கள், நானே வந்து பார்த்துத் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியை ஒரு காலி மைதானத்துக்கு வரச் சொன்னேன். என் சிறிய வண்டியைக் கொடுத்து, 40-இல் வந்து நான் வைத்த கல்லுக்குப் பக்கத்தில் பிரேக் பிடிடா என்றேன். முதல் முறை பின் சக்கரம் சறுக்கிக் கோணலாக நின்றான். இரண்டாம் முறை முன் பிரேக்கைக் கொத்தாக இழுத்தான், ஏபிஎஸ் லீவரில் துடித்ததும் பயந்து கையை விட்டுவிட்டான், கல்லைத் தாண்டிப் பத்து அடி போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் இருபது முறையாவது செய்திருப்பான். கடைசி நான்கைந்து முறை கல்லுக்கு முன்னாலேயே நேராக நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றியவன் சிபிஆரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வலது முன்கையைத் தடவிக்கொண்டே, "அண்ணா, அடுத்த வாரம் 60-ல போட்டுப் பார்க்கலாமா?" என்றான்.